முகத்துக்கு எத்தனை மார்க்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள் இருக்கும். சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஜெராக்ஸ் எடுக்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும். அம்மாவின் ஆள்காட்டி விரலில் பீடி இலை வெட்டி வெட்டி ஏறிய காய்ப்பு. மகள் கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் அடுக்கியிருந்தது. காலேஜுக்கு அப்ளிகேஷன் போட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்திருந்தார்கள்.

போட்டோ எடுத்தாயிற்று. கம்ப்யூட்டர் திரையில் பிள்ளையின் முகம் பெரிதாக வந்தது. ஸ்டூடியோ தம்பி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

“யக்கா, பாப்பா மொகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிரட்டுமா?”

“ஆக்குங்க தம்பி. காலேஜ்ல பாத்துதான சீட்டு குடுப்பாவ.”

மவுஸை ஓர் இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான், பிள்ளையின் நிறம் போய்விட்டது. அடுத்து இடது புருவத்துக்கு மேலே இருந்த சின்னத் தழும்பையும் அழித்தார். அதை யாரும் கேட்கவில்லை. அவராகவே செய்தார், ஓர் உதவியாக நினைத்து. அந்தப் பிள்ளை திரையைப் பார்த்தபடி நின்றது. ஒன்றும் பேசவில்லை.

அந்த அம்மா சொன்ன ஒரு வரி என்னோடு வீடு வரை வந்தது. பாத்துதான சீட்டு குடுப்பாவ. அப்படியா? முகத்தைப் பார்த்தா நம் பிள்ளைகளுக்கு காலேஜில் இடம் கொடுக்கிறார்கள்? இந்த மாதம் இதைத்தான் உங்களோடு பேச வேண்டும்.

முதலில் நிம்மதி தரும் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் அரசு வழியாக நடக்கிற சேர்க்கையில் முகத்துக்கு மார்க் கிடையாது. பொறியியலை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். அதை வைத்து ரேங்க் லிஸ்ட். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கினால் என்ன செய்வார்கள்? கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், இயற்பியல் மார்க்கைப் பார்ப்பார்கள், பிறந்த தேதி வரைக்கும் போவார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் கடைசியில் ரேண்டம் நம்பர். கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த ஓர் எண். “எந்தப் பிள்ளை பார்க்க நன்றாக இருக்கிறது” என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

1997-ல் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் முறை வந்தபோது, நம் பக்கத்துக் குடும்பங்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தது ஞாபகம் இருக்கலாம். அங்கேயும் பிள்ளையின் முகத்தை யாரும் எடை போடவில்லை. எந்தக் காலேஜில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் ஓடும், ரேங்க்படி கூப்பிடுவார்கள், பிள்ளை எடுத்துக்கொள்ளும். 2018 முதல் அதுவும் ஆன்லைன். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் சாய்ஸ் கொடுத்துவிடலாம். அப்ளிகேஷனில் ஒட்டுகிற போட்டோ ஆள் மாறாட்டம் நடக்காமல் இருக்கத்தான்.

இன்னொரு விஷயம். பொதுத்தேர்வுக்குச் சில நாள் முன்பு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறீர்களா? வகுப்பறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். விடைத்தாளின் மேலே ‘டாப் ஷீட்’ என்று ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அதில் பிள்ளையின் போட்டோ, பெயர், பதிவெண், பார்கோடு எல்லாம் அச்சாகியிருக்கும். ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். ஊசி தடதடவென்று இறங்க, ஒவ்வொரு பிள்ளையின் முகமும் அதன் விடைத்தாளோடு சேர்ந்துகொண்டே போனது. பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் அந்தப் போட்டோவையும் பிள்ளையையும் ஒத்துப் பார்ப்பார்.

ஆனால் திருத்துகிற ஆசிரியர் கைக்குப் போவதற்கு முன்பு, அந்த முகம் இருக்கிற பகுதியைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். டம்மி நம்பர் மட்டும் இருக்கும். திருத்துகிறவருக்கு அது வீரவநல்லூர் பிள்ளையா, சென்னைப் பிள்ளையா, கறுப்பா, சிவப்பா எதுவும் தெரியாது. கையெழுத்தும் விடையும்தான் தெரியும். தைப்பதற்கு ஓர் ஆள், கிழிப்பதற்கு ஓர் ஆள் என்று எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் பாருங்கள். பாடுபட்டு உண்டாக்கின ஏற்பாடு இது.

அப்படியென்றால் அந்த அம்மா பயந்தது தப்பா?

தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரில் பார்த்து மார்க் போட்ட காலம் ஒன்று இதே தமிழ்நாட்டில் இருந்தது. 1970-ல் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பாடங்களுக்கு 200 மார்க், நேர்காணலுக்கு 75 மார்க். நேர்காணலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஐந்து தலைப்பு கொடுத்திருந்தார்கள். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புச் சேவை, பொதுவான உடல்நிலையும் தாங்கும் சக்தியும், பொதுத் திறமை, படிப்புக்கான நாட்டம். உடல்நிலை என்றால் அழகு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சில நிமிடம் எதிரே நிற்கிற பதினேழு வயசுப் பிள்ளையின் ‘பொதுவான உடல்நிலை’யைக் கண்ணால் பார்த்து ஒருவர் எப்படி அளப்பார்? வளர்த்தி, மினுமினுப்பு, உடுப்பு, நிற்கிற நிலை இதெல்லாம்தானே கண்ணில் படும்?

பெரியகருப்பன் வழக்கு என்று அது சுப்ரீம் கோர்ட் வரை போனது. தேர்வுக் குழுவினர் போட்ட மார்க்கைக் கோர்ட் வாங்கிப் பார்த்தது. தலைப்பு தலைப்பாகப் பிரிக்காமல் மொத்தமாக ஒரு மார்க் போட்டிருந்தார்கள். எது எதற்கு எத்தனை என்று கேட்டால் பதில் இல்லை. அது செல்லாது என்றார்கள் நீதிபதிகள். நேர்காணலுக்கு 75 என்பது அதிகம்தான், அரசு இதை மறுபடி யோசிக்கட்டும் என்றும் சொன்னார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1980 நவம்பரில், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். கேட்டதும் பாடத்தைப் பற்றி இல்லை. அப்பா யார், எந்த ஊர் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது அந்த வழக்கில்தான். இன்னொன்றும் சொன்னது: முடிந்தால் நேர்காணலை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. டேப்பில் குரல்தானே பதியும்?

தமிழ்நாட்டில் 1984-ல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதுவும் கோச்சிங் போக வசதியுள்ளவர்களுக்கே சாதகம் என்று 2006-ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். பிறகு மருத்துவத்துக்கு நீட் வந்தது. அந்தச் சண்டை தனி. ஆனால் எந்தப் பக்கம் நின்று சண்டை போடுகிறவர்களும் “பழையபடி நேர்காணல் வையுங்கள்” என்று கேட்பதில்லை. கவனித்தீர்களா?

ஏன் கண்ணை நம்ப முடியவில்லை? மார்க் போடுகிறவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. கண்ணின் குணமே அப்படி. 1974-ல் அமெரிக்காவில் லாண்டி, சிகால் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். டெலிவிஷனைப் பற்றி ஒரு கட்டுரை. அதில் ஒன்று நன்றாக எழுதியது, இன்னொன்று சுமாராக எழுதியது. எழுதியவர் என்று ஒரு பெண்ணின் போட்டோவைச் சேர்த்து காலேஜ் மாணவர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படி இல்லாத பெண்ணின் படம், சிலருக்குப் படமே இல்லை. அழகான முகம் இருந்த கட்டுரைக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது. அதிலும் சுமாரான கட்டுரையில்தான் வித்தியாசம் பெரிதாக இருந்தது. நன்றாக எழுதினால் முகம் எப்படி இருந்தாலும் ஓரளவு தப்பிக்கலாம். தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் முகம் கைகொடுக்கிறது, அல்லது காலை வாருகிறது.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது, கொரோனாக் காலத்தில் நடந்தது. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் மெஹிச் என்ற ஆய்வாளர் பொறியியல் மாணவர்களின் மார்க்கைப் பார்த்தார். கணக்கு, இயற்பியல் மாதிரிப் பாடங்களில் அழகுக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆசிரியரும் மாணவரும் நேரில் பேசிப் பழகி, வீட்டுப்பாடம், செமினார் என்று மார்க் வாங்குகிற பாடங்களில் சம்பந்தம் இருந்தது. வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறியதும் பெண்களுக்கு அந்தச் சலுகை காணாமல் போயிற்று. ஆண்களுக்கு மட்டும் தொடர்ந்தது. 2022-ல் வெளியான ஆய்வு இது.

நம் பிளஸ் டூவில் இன்டர்னல் 10 மார்க் இருக்கிறது, பிராக்டிகல் இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாகவே போடுகிறார்கள், நல்ல மனசோடு போடுகிறார்கள். ஆனாலும் யாரை முன் பெஞ்சில் உட்கார வைக்கிறோம், கலெக்டர் வந்தால் பூங்கொத்து கொடுக்க யாரை நிறுத்துகிறோம், ஆண்டு விழாவில் வரவேற்பு நடனத்தின் முதல் வரிசையில் யார் ஆடுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பத்து வருஷம் பின் வரிசையில் நின்ற பிள்ளை, ஓர் இன்டர்வியூ அறைக்குள் நிமிர்ந்து நடந்து போகுமா?

அரசு வழிச் சேர்க்கையைத் தாண்டி நேரில் பார்க்கிற இடங்கள் இன்னும் எத்தனையோ உண்டு. தனியார் கல்லூரியில் பெற்றோரோடு வரச் சொல்லி முதல்வரைப் பார்க்கச் சொல்கிற இடம். நிர்வாக ஒதுக்கீடு. ஹோட்டல் மேனேஜ்மென்ட், ஏவியேஷன் மாதிரிப் படிப்புகள். படிப்பு முடிந்ததும் கேம்பஸ் இன்டர்வியூ. அங்கெல்லாம் “அழகு” என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அங்கே புழங்குகிற சொல் வேறு. “பார்த்தாலே தெரியுது, நல்ல குடும்பத்துப் பிள்ளை.”

இந்தச் சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன், வேறொரு பிள்ளையைக் காட்டிச் சொல்ல. பிளஸ் டூ முடித்து ஒரு கல்லூரியில் நேர்காணலுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் போன பிள்ளையைப் பார்த்து உள்ளே ஒருவர் அப்படிச் சொன்னார். அடுத்து நான் போனேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து செருப்புக்கு இறங்கி, மறுபடி ஃபைலுக்குப் போயிற்று. “அப்பா என்ன பண்றாங்க?” என்றார். மார்க் இருந்ததால் இடம் கிடைத்தது. ஆனால் அந்தச் செருப்பை அப்புறம் நான் போடவே இல்லை.

அந்த ஒரு நொடியில் பார்த்தது அழகையா? பல் வரிசையாக இருந்தால் பல் டாக்டரிடம் போக வசதி இருந்தது என்று அர்த்தம். வெயில் படாத நிறம் என்றால் வயலில் நிற்க வேண்டிய தேவை இல்லாத வீடு என்று அர்த்தம். இஸ்திரி மடிப்பு, கான்வென்ட் இங்கிலீஷ், உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்து உட்கார்கிற தைரியம் என்று எல்லாமே வீட்டுச் சரக்கு. நம் ஊரில் நிறத்தைப் பேசினால் அதன் பின்னாலேயே சாதியும் வந்து நிற்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சேரன்மகாதேவிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலம் நம் ஊரில்தான் நடந்தது. தேசிய உணர்வோடு, தமிழிலே கல்வி என்ற பெரிய நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி அதில் ஐயாயிரம் கொடுத்தது. உள்ளே சேர எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் சாப்பாடு தனி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள், மாகாணமே கொதித்தது, காந்தி வரைக்கும் போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், மகளைக் காப்பாற்றப் போய் உயிரையும் விட்டார். அவரை நினைத்தால் எனக்கு வருத்தமும் மரியாதையும் சேர்ந்தே வரும். ஆனால் அந்தப் பந்தியில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட மற்றப் பிள்ளைகளின் பக்கம்தான் என் மனசு போய் நிற்கிறது. சேர்த்துக்கொண்டோமே, அது போதாதா என்று அன்றைக்கும் கேட்டவர்கள் உண்டு.

இது நம் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அதே 1920-களில், யூதப் பிள்ளைகள் பரீட்சையில் நன்றாக மார்க் வாங்கி அதிகமாக உள்ளே வருகிறார்கள் என்று அங்கே கவலைப்பட்டார்கள். உடனே அப்ளிகேஷனில் போட்டோ கேட்டார்கள், நேர்காணல் வைத்தார்கள், ‘குணநலன்’ பார்க்க ஆரம்பித்தார்கள். மார்க்கால் தடுக்க முடியாதவர்களை முகம் பார்த்துத் தடுத்தார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்ற சொல்லுக்கு இங்கிலீஷிலும் ஒரு வடிவம் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் வெளியே. இனிமேல் சொல்லப் போவது நம் வீட்டுக்குள்ளே நடப்பது. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்து முதலில் அட்மிஷன் போடுகிறவர்கள் நாம்தான். “அவளுக்கென்ன, லட்சணமா இருக்கா, ஏர் ஹோஸ்டஸ் படிக்க வைங்க.” “இவ நெறத்துக்கு டீச்சர் டிரெயினிங்தான் சரி. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கையில வேலைன்னு ஒண்ணு கையில இருந்தாத்தான் எடுபடும்.” கல்யாண வீட்டில், கோயில் கொடையில், ஏன், பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டே பேசுகிறோம். டீச்சர் வேலை உயர்ந்த வேலை. ஆனால் கணக்கு பிடிக்கும் என்பதற்காக ஒரு பிள்ளை டீச்சராவது வேறு, கறுப்பாக இருக்கிறாள் என்பதற்காக ஆக்குவது வேறு. ஆண் பிள்ளைகள் மட்டும் தப்பிக்கிறார்களா? “இவன் ஒடிசலு, ஆளு முன்னால நின்னு பேச மாட்டான், மார்க்கெட்டிங்லாம் வேண்டாம்” என்று பதினேழு வயசில் முடிவு கட்டிவிடுகிறோம். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் கேட்காத கேள்வியை நாம் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறோம்.

அட்மிஷன் மாதத்தில் பியூட்டி பார்லர்களில் ஃபேஷியல் ஆஃபர் போடுகிறார்கள். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கித் தடவி, முகமெல்லாம் சிவந்து கொப்பளம் வந்து தவிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கம்பெனியே 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆக்கியது. நாம் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? அந்தக் காசுக்கு நாலு அப்ளிகேஷன் கூடுதலாகப் போடலாம்.

நேர்காணலுக்குப் போகிற பிள்ளை துவைத்துத் தேய்த்த உடுப்போடு, தலை வாரிப் போகட்டும். அது நமக்கு நாமே கொடுக்கிற மரியாதை. பெற்றோர் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நேர்காணலுக்கு மார்க் உண்டா, எத்தனை? ரேங்க் லிஸ்ட் போர்டில் ஒட்டுவீர்களா? போன வருஷம் இந்தப் பிரிவில் கடைசிக் கட்-ஆஃப் என்ன? அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால், மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதை மறக்காதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிள்ளையின் முகத்தைவிட அந்தக் காகிதத்துக்கு அங்கே வேலை அதிகம்.

அந்த ஸ்டூடியோவில் அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. பிரிண்ட் போடப் போகும்போதுதான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. ஃபைலைப் பிரித்து டி.சி.யை எடுத்து, அங்க அடையாளங்கள் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டியது.

“அண்ணே, இதுல இடது புருவத்துக்கு மேல தழும்புன்னு எழுதியிருக்கு.”

தம்பி குனிந்து படித்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“தழும்பை வச்சிருங்க தம்பி. தொட்டில்லேந்து விழுந்தது அது.” கொஞ்சம் நிறுத்தி, “மொகத்தையும் அப்படியே வச்சிருங்க” என்றார்.

தம்பி இரண்டு தடவை பட்டனைத் தட்டினார். பிள்ளை திரும்பி வந்தது. எட்டு காப்பி.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்